பல்கலைக்கழகமும் மாணவர் ஒழுக்கமும்

மதுரை மாநகரிற் பொற்கொல்லன் ஒருவன் கூறிய சொல்லை நம்பிப் பாண்டியன் நெடுஞ்செழியன் கோவலனுக்குக் கொலைத்தண்டம் விதித்தான். சிலப்பதிகாரக் கதையை அறியாத தமிழர் இலர். ஆயினும், கண்ணகியின் கற்பையும் சினத்தையும் வியந்து போற்றும் நாம், அரசன் இழைத்த பிழை யாதென்பதை ஊன்றி நோக்குவது குறைவு. அவன் இயல்பாற் கொடியவன் அல்லன். கோவலன்மீது பகைமை கொண்டவனும் அல்லன். தன் தவற்றை உணர்ந்த கணத்திலே உயிர்நீத்த மானமுடையவன். குற்றஞ் சாட்டப்பட்டவனை அழைத்து, அவன் கூறுவது யாதென்று கேளாமையே அவன் இழைத்த பிழை. சிலம்பினுள்ளே இருப்பது முத்தோ மாணிக்கமோ என்று ஆராய்ந்திருப்பின் உண்மை ஒரு நொடியில் வெளிப்பட்டிருக்கும். அந்த ஒரு நொடி ஆராய்ச்சி நிகழாமையால் ஒரு குடும்பம் சிதைந்தது, அரசனும் அரசியும் மாண்டனர், மாநகரம் தீக்கிரையாயிற்று.

ஒழுக்கம் பேணும் பொறுப்பைத் தாங்கிய எவருக்கும், வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் முதற் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஈறாக, இக்கதை ஒரு பாடமாகும். நம் கல்லூரியிலிருந்து மாணவர் பலர் பல்கலைக்கழகம் புகுகின்றனர். அவர்களை வழியனுப்பும்போது பாடநூல்களைப் பற்றியும் பரீட்சைகளைப் பற்றியும் வேண்டியவாறு அறிவுரை கூறுகிறோம். ஆனால், அங்கே ஒரு பிணக்கு நேர்ந்தால், ஒரு பழி வந்து சேர்ந்தால், அல்லது ஒரு கொடுமைக்கு ஆளானால் யாரிடஞ் செல்வது, எதனைக் கேட்பது என்பன பற்றி நாம் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளையின் வருங்காலம் முழுவதும் சில வேளை அந்த ஒன்றிலேயே தங்கியிருக்கிறது. ஆதலின், பல்கலைக்கழகங்கள் மாணவர் ஒழுக்கத்தை எவ்வாறு ஆளுகின்றன, பிணக்குகளை எவ்வாறு தீர்க்கின்றன என்பதைச் சிறிது விரித்து நோக்குவோம்.

தனி அதிகாரம் வந்த வரலாறு

நாட்டில் நீதிமன்றங்கள் இருக்கவும், பல்கலைக்கழகம் தன் மாணவரைத் தானே விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரத்தை எங்ஙனம் பெற்றது? இதற்கு விடை காண எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரிற் சட்டம் பயில வந்த மாணவர் பலர் பிறநாட்டவர். தம் ஊரவன் ஒருவன் பட்ட கடனுக்காகவும் அவர்கள் பிடிக்கப்பட்டுத் துன்புற்றனர். 1158 ஆம் ஆண்டளவிற் பிரெடரிக் பார்பரோசா என்னும் பேரரசன் அவர்களுக்கு ஒரு காப்புரிமை வழங்கினான். பிறர் கடனுக்காக மாணவனைப் பற்றலாகாது. அவன்மீது வழக்குண்டாயின், தன் ஆசிரியர் முன்போ அவ்வூர்ச் சமயத் தலைவர் முன்போ விசாரிக்கப்படுவதை அவன் வேண்டிப் பெறலாம் என்பன அவற்றுட் சில. மாணவனைத் தண்டிப்பதற்கென்று பிறவாமல், அவனைக் காப்பதற்கென்றே இவ்வதிகாரம் முதலிற் பிறந்தது என்பது இங்கே கருதத்தக்கது.

பாரிஸ் நகரில் 1229 ஆம் ஆண்டு மதுக்கடை ஒன்றிற் கணக்குப் பற்றி எழுந்த சச்சரவு பெருகி, நகரக் காவலர் மாணவர் சிலரைக் கொல்வதில் முடிந்தது. நீதி கிடையாமையால் ஆசிரியர்கள் பாடம் நடத்துவதை நிறுத்தி வேற்றூர்களுக்குப் பிரிந்து சென்றனர். ஏறத்தாழ ஈராண்டு கழித்து, 1231 ஆம் ஆண்டு, பாப்பரசர் ஒன்பதாம் கிரெகரி பல்கலைக்கழகத்தின் உரிமைகளை உறுதிசெய்து ஆணை பிறப்பித்தார். தமக்கு இழைக்கப்பட்ட தீங்குக்குப் பரிகாரங் கிடையாவிடிற் பாடங்களை நிறுத்திவைக்கும் உரிமையும் அதிலே ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஒக்ஸ்போர்ட் நகரில் 1355 ஆம் ஆண்டு பெப்ரவரி 10 ஆம் நாள் நிகழ்ந்த கலகம் இவற்றினுங் கொடியது. மதுச்சாலை ஒன்றில் ஊற்றிய மது தரமற்றது என்று மாணவர் சிலர் குறைகூற, வாய்ச்சண்டை கைகலப்பாகி, நகரத்தாரும் மாணவரும் படை திரட்டி மோதினர். மூன்று நாளில் மாணவர் தரப்பில் 63 பேரும் நகரத்தார் தரப்பில் ஏறத்தாழ 30 பேரும் மாண்டனர் என்பர். மூன்றாம் எட்வேட் மன்னன் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்று அதன் அதிகாரத்தைப் பெருக்கினான். நகரத் தலைவரும் நகரப் பெருமக்கள் 62 பேரும் ஆண்டுதோறும் அதே நாளிற் கோயிலுக்குச் சென்று, இறந்த மாணவர் ஒருவருக்கு ஒரு பென்னியாக 63 பென்னி செலுத்தி வணங்குதல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 1825 இல் நகரத் தலைவர் ஒருவர் மறுத்து நிற்கும்வரை இது நீடித்தது. 600 ஆண்டுகள் நிறைந்த 1955 ஆம் ஆண்டிலேதான், நகரத் தலைவருக்குப் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டமும், துணைவேந்தருக்கு நகரம் கௌரவக் குடியுரிமையும் வழங்கி முறைப்படி இணக்கங் கொண்டனர்.

இரு பக்கத்தும் பிணம் விழுந்திருக்க, ஒரு பக்கமே முழங்காலிடும்படி செய்த தீர்ப்பு அது. அரசனின் ஆணையாற் சண்டை அடங்கிற்று, பிணக்குத் தீரவில்லை. அடக்குதல் வேறு, தீர்த்தல் வேறு என்பதை நிறுவ இதனின் மிக்க சான்று வேண்டுவதில்லை.

கேளாது பறித்த பட்டம்

இங்ஙனம் பெற்ற அதிகாரத்தைப் பல்கலைக்கழகமே பிழையாகக் கையாண்டால் யார் தட்டிக் கேட்பது? இவ்வினாவுக்கு விடை தந்தவர் றிச்சட் பென்ற்லி என்னும் பேரறிஞர். கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியின் தலைவராயிருந்த இவர் கிரேக்க, இலத்தீன் புலமையில் இணையற்றவர். சச்சரவு விளைப்பதிலும் அவ்வாறே. 1718 ஆம் ஆண்டு, ஒரு கட்டணம் பற்றிய வழக்கில் துணைவேந்தரின் மன்றம் அனுப்பிய அழைப்பை அவர் அவமதித்தார் என்று பல்கலைக்கழகம் அவருடைய பட்டங்கள் அனைத்தையும் பறித்தது. பறிப்பதற்கு முன் அவரை அழைத்து விளக்கங் கேட்கவில்லை.

வழக்கு அரச மன்றத்துக்குச் சென்றது. பென்ற்லி நல்லொழுக்கமுடையவரா என்னும் ஆராய்ச்சியில் நீதிபதிகள் இறங்கவில்லை. அவரது பக்கத்தைக் கேளாது பட்டத்தைப் பறித்தது முறையன்று என்று 1723 இல் முடிவுசெய்து, பட்டங்களை மீள வழங்கச் செய்தனர். அவ்வழக்கில் நீதிபதி ஒருவர், ஆதிமனிதன் ஆதாம் விலக்கப்பட்ட கனியை உண்டபோது, அனைத்தும் அறிந்த இறைவனே அவனை அழைத்து வினவிய பின்னரன்றோ தண்டித்தான் என்று எடுத்துக்காட்டினார். எல்லாம் அறிந்தவனே கேட்டான் எனின், சிலவற்றை மாத்திரம் அறிந்த மனிதர் கேளாதிருத்தல் யாங்ஙனம் பொருந்தும்?

ஒருவன் முரடன் என்பதும், முன்னரும் பிழை செய்தவன் என்பதும் அவனைக் கேளாதிருப்பதற்குக் காரணமாகா. நல்லவனுக்கு மாத்திரம் உரியதாயின் அது நீதியாகாது, சலுகையாகும்.

தந்தையின் இடத்தில் நின்ற கல்லூரி

ஆயினும், மாணவரைப் பொறுத்தவரை இந்நெறி நெடுங்காலம் ஏட்டளவில் நின்றது. ஆசிரியர் பெற்றோரின் இடத்தில் நிற்பவர். தந்தை மகனைத் தண்டிக்கும்போது குற்றப்பத்திரம் எழுதுவதுண்டோ என்று வினவினர். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டம்பியாரும் அவ்வுரிமையாலேயே பிரம்பெடுத்தார். குருகுலத்திற் குருவும் சீடனும் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கி வாழ்ந்தமையால், சீடனின் இயல்பு முழுவதும் குருவுக்குத் தெரிந்திருந்தது. ஆயிரக்கணக்கான மாணவர் பயிலும் இடத்தில், பெயரையே அறியாத ஒருவர் தந்தையின் அன்பை விடுத்து அதிகாரத்தை மாத்திரம் எடுத்துக்கொள்ளும்போது அந்நெறி திரிபடைகிறது.

ஐக்கிய அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்திற் பெரியாக் கல்லூரி, தன் ஆட்சிக்குட்படாத உணவுச்சாலைகளில் மாணவர் நுழையலாகாது என்று விதித்தது. வாணிகம் இழந்த உணவுச்சாலை உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். கல்லூரி பெற்றோரின் இடத்தில் நிற்கிறது. பெற்றோர் விதிக்கக்கூடிய எவ்விதியையும் அதுவும் விதிக்கலாம் என்று 1913 இல் நீதிமன்றம் கூறியது.

அரை நூற்றாண்டு கழியுமுன் அக்கொள்கை ஆட்டங்கண்டது. 1960 ஆம் ஆண்டு பெப்ரவரி 25 ஆம் நாள், அலபாமா மாநிலத் தலைநகர் மொன்ற்கொமெரியில், கறுப்பின மாணவர் ஏறத்தாழ முப்பதின்மர் நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்திலிருந்த உணவுச்சாலைக்குச் சென்று உணவு கேட்டனர். அது வெள்ளையருக்கே உரியது என்பது அக்கால வழக்கம். உணவு மறுக்கப்பட்டது. சில நாளில் அலபாமா அரசுக் கல்லூரி மாணவர் ஒன்பதின்மர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டனர். நீக்கக் கடிதத்திற் குறித்த குற்றம் ஒன்றுங் கூறப்படவில்லை. நீக்குமுன் எவ்வித விசாரணையும் நிகழவில்லை. பின்னர் வழக்கிற் சாட்சியமளித்த கல்விச் சபையினர், எதற்காக நீக்கினோம் என்பதிலேயே ஒருமித்த விடை பகரவில்லை.

நீக்கப்பட்டோருள் அறுவர் தொடுத்த வழக்கில், 1961 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 4 ஆம் நாள் மேன்முறையீட்டு மன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு மூவர் அமர்ந்த மன்றத்தில் இருவர் சேர்ந்து வழங்கியது. அரசு நடத்தும் கல்லூரி மாணவன் ஒருவனை ஒழுக்கக்கேட்டுக்காக நீக்குமுன் நிறைவேற்ற வேண்டியனவாக அதிற் கூறப்பட்டவற்றின் சாரம் வருமாறு:

(1) மாணவன் இழைத்ததாகச் சொல்லப்படும் குற்றம் யாது, அது நிறுவப்படின் எந்த விதியின்படி நீக்கத்துக்கு இடமாகும் என்பதைத் தெளிவாக அறிவித்தல்.

(2) அவனுக்கு எதிராகச் சாட்சி கூறுவோரின் பெயரையும், அவர்கள் கூறும் செய்தியையும் அவனுக்குத் தெரிவித்தல்.

(3) தன் பக்கத்தை எடுத்துரைக்கவும், தனக்குச் சார்பான சாட்சியத்தைக் கொணரவும் அவனுக்கு வாய்ப்பளித்தல்.

(4) விசாரணையின் முடிவை அறிக்கையாக எழுதி, அதனை அவன் பார்க்கச் செய்தல்.

நீதிமன்றத்தில் நிகழ்வது போன்ற முழு விசாரணையும் குறுக்கு விசாரணையும் எப்போதும் வேண்டுவதில்லை என்றும் அத்தீர்ப்பே கூறுகிறது. கல்விநிலையத்துக்குப் பொருந்திய எளிய விசாரணை போதும். ஆனால் அது மெய்யான விசாரணையாயிருத்தல் வேண்டும். அம்மாணவரின் பதிவேடுகளிலிருந்து அந்நீக்கம் 2018 ஆம் ஆண்டிலேயே துடைக்கப்பட்டது. 1960 இற் கல்லூரி வாயில் மூடப்பட்ட இளைஞர் அப்போது முதியவராகிவிட்டனர். பிழையான தீர்ப்பைத் திருத்தலாம். இழந்த இளமையை மீட்டல் இயலாது.

நம் நாட்டு நிலை

இலங்கையில் 1921 ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. அதற்கு முன்பே, 1906 இல், சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் இலங்கைக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்னும் இயக்கத்தைத் தொடக்கினர். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட, சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் துணைவேந்தரானார். 1952 இற் பேராதனைக்குப் பெயர்ந்தபோது, மாணவர் அங்கேயே தங்கிப் பயிலும் முறை ஏற்பட்டது. அருணாசலம், இராமநாதன் முதலியோர் பெயரால் விடுதி மண்டபங்கள் எழுந்தன. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மரபைத் தழுவி விடுதிக்கு ஒரு காப்பாளர், அவருக்கு உதவியாக உப காப்பாளர் என்னும் அமைப்பும் வந்தது. இன்று நடைமுறையிலுள்ள 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம், ஒழுக்கம் பேணும் பொறுப்பைத் துணைவேந்தரிடம் ஒப்படைத்துள்ளது. அவருக்குத் துணையாக மாணவ ஆலோசகரும், காப்பாளரும், ஒழுக்காற்று விசாரணை செய்யும் குழுவினரும் கடமையாற்றுகின்றனர்.

இதுவரை, கேளாது தண்டித்தலின் தீமையைக் கூறினோம். நம் நாட்டின் பெருந்துன்பம் மற்றொரு வகையினது. அது துன்புற்றவனைக் கேளாமை. பகிடிவதை என்னும் பெயரால் நிகழும் கொடுமையே இங்கு கருதப்படுவது. பகிடி என்பது நகைச்சுவை. வதை என்பது சித்திரவதை. இவ்விரண்டையும் ஒரு சொல்லாகப் பிணைத்த நம் மக்கள் அதன் இயல்பை நன்கு உணர்ந்தே பெயரிட்டனர் எனலாம். 1975 ஆம் ஆண்டு பேராதனையில் மாணவி ஒருவர் பகிடிவதைக்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்து நடக்கும் ஆற்றலை இழந்தார். 1997 ஆம் ஆண்டு அங்கேயே பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். தமிழ்நாட்டிலும் 1996 இல் மருத்துவ மாணவர் ஒருவர் இவ்வாறே கொல்லப்பட, 1997 இல் அங்கு பகிடிவதைத் தடைச்சட்டம் இயற்றப்பட்டது. இலங்கைப் பாராளுமன்றம் 1998 ஆம் ஆண்டு 20 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. பகிடிவதையில் ஈடுபடுவோருக்கு இரண்டு ஆண்டு வரையும், அதனாற் கடுங்காயமோ பாலியற் கொடுமையோ விளையுமாயிற் பத்து ஆண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது.

சட்டம் வந்தது, வதை ஒழியவில்லை. காரணம் யாது? சட்டம் பேசுவதற்கு ஒருவன் முறைப்பாடு செய்தல் வேண்டும். முறையிட்டவன் அன்றிரவும் அதே விடுதியில், அதே மூத்த மாணவரிடையே உறங்க வேண்டியவன். முறையிட்டாற் பிரித்து வைப்பர், பேசாது விடுவர், குறிப்பேடு தரார் என்னும் அச்சம் அவன் வாயை அடைக்கிறது. கண்டவரும் வாய் திறவார். சாட்சி இல்லையென்று முறைப்பாடு தள்ளப்படும். "இது மரபு, புதியவரையும் பழையவரையும் இணைப்பது, நாமும் பட்டவர்களே" என்று சிலர் நியாயங் கூறுவர். தான் பட்ட துன்பத்தைப் பிறனுக்குக் கைமாற்றுதல் மரபாயின், கடன்காரன் வேறொருவனைக் கடனாளியாக்குவதும் அறமாகும். அச்சத்தால் விளையும் ஒற்றுமை அச்சம் நீங்கியவுடன் நீங்கிவிடும்.

ஆதலின், இருவரைக் கேட்கும் கடப்பாடு பல்கலைக்கழகத்துக்கு உண்டு. குற்றஞ் சாட்டப்பட்டவன் ஒருவன், துன்புற்றவன் மற்றவன். முதல்வனைக் கேளாது விடின் கோவலன் கதை; இரண்டாமவனைக் கேளாது விடின் கண்ணகி வாயில்காவலனாலேயே திருப்பி அனுப்பப்பட்ட கதையாய் முடியும். பாண்டியன் அவையில் ஒரு சிறப்பு இருந்தது. தலைவிரி கோலமாய் வந்து நின்ற ஒரு பெண்ணை உள்ளே அழைத்து, அவள் வழக்கைக் கேட்டனர். கேட்டபின்னரே உண்மை துலங்கிற்று.

விசாரணையின் படிகள்

நன்முறையில் நடைபெறும் ஒழுக்காற்று விசாரணைக்குச் சில படிகள் உள. முதலாவது முறைப்பாடு. அது எழுத்தில் அமைதல் நன்று. நாள், நேரம், இடம், கண்டவர் என்பன அதில் இருத்தல் வேண்டும். அடுத்தது பூர்வாங்க விசாரணை. முறைப்பாட்டில் ஆராயத்தக்க பொருள் உண்டா என்பதை மாத்திரம் இது காணும். பொருள் உண்டாயின் குற்றப்பத்திரம் வழங்கப்படும். பின்னர், முன்பு இவ்விடயத்திற் சம்பந்தப்படாத குழுவினர் இரு பக்கத்தையும் கேட்பர். முறையிட்டவரே நீதிபதியாதலும், பூர்வாங்க விசாரணை செய்தவரே தீர்ப்பளித்தலும் முறையல்ல. அதன்பின் காரணங் காட்டிய தீர்மானமும், குற்றத்தின் அளவுக்கேற்ற தண்டனையும் வரும். இறுதிப் படி மேன்முறையீடு.

விசாரணை முடியுமுன் ஒருவனை வளாகத்துக்கு வெளியே நிறுத்திவைத்தல் சில வேளை இன்றியமையாததாகும். முறையிட்டவருக்கு ஆபத்து உண்டாயின் அவ்வாறு செய்தல் தகும். எனினும், அது தண்டனை ஆகாது. காலவரையறையின்றி நிறுத்திவைத்து, பரீட்சைகள் கடந்துபோன பின் "குற்றமில்லை" என்று கூறுவதாற் பயனில்லை. தாமதமும் ஒரு தண்டனையே. அது இரு பக்கத்தாரையும் தாக்கும்.

ஒரே செயல் பல்கலைக்கழக விதியை மீறியதாயும் நாட்டுச் சட்டப்படி குற்றமாயும் அமையுமாயின் யாது செய்வது? இங்கிலாந்தில் 1994 இற் பேராசிரியர் கிரகாம் செல்லிக் தலைமையிலான குழு, கொடிய குற்றங்களைப் பல்கலைக்கழகம் தானே விசாரியாது காவற்றுறைக்கும் நீதிமன்றத்துக்கும் விடுதல் வேண்டும் என்று வழிகாட்டியது. நாளடைவில், காவற்றுறைக்குச் செல்ல அஞ்சும் மாணவியருக்கு எவ்விடத்தும் புகலில்லை என்னும் குறை எழுந்தது. 2016 இல் அவ்வழிகாட்டல் மாற்றப்பட்டது. குற்றம் பற்றித் தீர்ப்பது நீதிமன்றத்தின் கடன். தன் விதி மீறப்பட்டதா என்று காண்பது பல்கலைக்கழகத்தின் கடன். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிடுதல் ஆகாது.

தண்டனையின்றித் தீரும் பிணக்குகள்

பல்கலைக்கழகத்தில் எழும் பிணக்குகள் எல்லாம் குற்றங்கள் அல்ல. புள்ளி வழங்கியதிற் பிழை, ஆய்வு மேற்பார்வையாளரோடு மனவேறுபாடு, விடுதி அறைப் பங்கீடு, உதவிப்பணம் தாமதித்தல் முதலியன நாடோறும் நிகழ்வன. இவற்றை ஒழுக்காற்றுக் குழுவிடம் கொண்டுசெல்லுதல் கொசுவுக்குக் கோடரி எடுப்பது போலாகும். கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகம் 1965 இலேயே மாணவர் குறைகேட்பவர் என்னும் பதவியை அமைத்தது. அவர் தண்டிப்பவர் அல்லர், கட்டளையிடுபவரும் அல்லர். இரு பக்கத்தையும் கேட்டு, கோப்புகளைப் பார்த்து, இணக்கத்துக்கு வழிசொல்பவர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 2004 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின்பின், பல்கலைக்கழகத்துள்ளே முறையீடு செய்து நிறைவடையாத மாணவர், கட்டணமின்றிச் சுதந்திரமான வெளி நடுவர் ஒருவரின் அலுவலகத்தை நாடலாம். தன் வழக்கைத் தானே தீர்ப்பவரின் நடுநிலையில் ஐயம் எழுதல் இயல்பு. அவ்வையத்தை வெளியாள் ஒருவர் நீக்குகிறார். இலங்கை மாணவரும், அடிப்படை உரிமை மீறப்பட்டதாயின் ஒரு மாதத்துள் உயர்நீதிமன்றத்துக்கும், முறைகேடான தீர்மானத்தை எதிர்த்துப் பேராணை வேண்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் செல்லலாம். ஆயின், ஏழை மாணவனுக்கு நீதிமன்றப் படி உயரமானது. வீட்டு வாயிலிலேயே தீரக்கூடியதை அங்கே தீர்ப்பதே நன்று.

மாணவர் குழுக்கள் தம்முள் மோதிக்கொண்டால், பீடத்தை மூடி விடுதிகளை வெறுமையாக்குதல் நம் நாட்டிற் பலமுறை கையாளப்பட்ட வழி. உயிர்ச்சேதம் நேராதிருக்க அன்றைக்கு அது வேண்டப்படலாம். ஆனால், அடித்தவனும் அடிபட்டவனும் நூலகத்தில் இருந்து படித்தவனும் ஒரே பேருந்தில் ஏறி வீடு செல்கின்றனர். திரும்பி வரும்போது பகையும் உடன் வருகிறது. ஒக்ஸ்போர்டில் அரசாணை செய்ததை இங்கே பூட்டுச் செய்கிறது. வாயில் மீளத் திறக்கும்போது, யார் என்ன செய்தார், ஏன் செய்தார் என்னும் வினாக்களும் உடன் திறக்கப்படல் வேண்டும்.

மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும்

பல்கலைக்கழகம் புகும் மாணவனே, இவற்றை மனத்திற் கொள்க. உனக்குத் தீங்கு நேரின், அன்றே நாளும் நேரமும் இடமும் குறித்து எழுதிவை. நம்பத்தக்க ஓர் ஆசிரியரிடமோ மாணவ ஆலோசகரிடமோ வீட்டாரிடமோ சொல். மறைத்தலாற் கொடுமை வளரும். உன்மீது பழி வரின், குற்றத்தை எழுத்திற் கேள். உன் பக்கத்தை அமைதியாக எழுத்திற் கூறு. தீர்மானத்தின் காரணத்தையும் மேன்முறையீட்டுக் காலத்தையும் கேட்டறி. பிறனுக்கு நேர்ந்த தீங்கைக் கண்டாயாயின் சாட்சி கூற அஞ்சாதே. கண்டும் காணாதவன் நடுநிலையாளன் ஆகான். அவன் மௌனம் வலியவன் பக்கத்துத் தராசுத் தட்டில் விழுகிறது. மூத்த மாணவனாகும் காலத்தில், உனக்குக் கீழ் வருபவனுக்கு நூலும் குறிப்பும் கொடுத்து உதவு. புதியவரையும் பழையவரையும் இணைக்கும் மெய்யான மரபு அதுவே.

ஆசிரியராகிய நாம் செய்யத்தக்கது யாது? பல்கலைக்கழகத்து வழக்கம் பள்ளிக்கூடத்திலேயே வேரூன்றுகிறது. வகுப்பிற் சத்தம் எழுந்தவுடன் வழக்கமாகக் குழப்பஞ் செய்பவனை எழுப்பி நிறுத்துதல் எளிது. யார் செய்தார் என்று வினவி அறிதல் அரிது. மாணவத் தலைவர் கொண்டுவரும் முறைப்பாட்டை அப்படியே ஏற்றல் எளிது; எதிர்ப்பக்கத்தானையும் அழைத்துக் கேட்டல் காலம் பிடிப்பது. ஆனால், கேட்கப்பட்ட மாணவனே பிறரைக் கேட்கக் கற்கிறான். தண்டனை பெற்றவனும், "என் சொல்லைக் கேட்டனர், பின்னரே தண்டித்தனர்" என்று எண்ணுவானாயின் திருந்துவதற்கு வழியுண்டு. கேளாது தண்டிக்கப்பட்டவன், குற்றமுடையவனாயினும், தன்னைக் குற்றமற்றவனாகவே கருதி வன்மம் வளர்ப்பான்.

பழைய மாணவருள் இன்று பல்கலைக்கழகங்களிற் பேராசிரியராயும், பதிவாளராயும், விடுதிக் காப்பாளராயும், சட்டத்தரணிகளாயும் விளங்குவோர் உளர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டில் ஒருமுறையேனும் கல்லூரிக்கு வந்து, பல்கலைக்கழகம் புகவிருக்கும் மாணவர்க்கு இவ்விதிகளை விளக்குக. பயிலும் இடத்தில் நம் மாணவன் ஒருவன் தனித்து நிற்கும்போது, தொலைபேசியில் அழைத்துப் பேசத்தக்க ஓர் அண்ணன் இருக்கிறார் என்னும் துணிவை அவனுக்கு அளிக்குக. மண்டபமும் மைதானமும் கட்டிக் கொடுப்பது போலவே இதுவும் கல்லூரியன்னைக்குச் செய்யும் தொண்டாகும்.

தண்டியாது விடுதலும், கேளாது தண்டித்தலும் ஆகிய இரண்டும் கல்விக்கு நஞ்சு. முதலாவது வலியவனை வளர்க்கும். இரண்டாவது எளியவனை அழிக்கும். இரு பக்கத்தையும் கேட்டு, ஆராய்ந்து, காரணங் கூறித் தீர்த்தலே இரண்டுக்கும் மருந்து. அறிவை ஆராய்ந்து தேடுதற்கென்றே எழுந்த பல்கலைக்கழகம், தன் பிள்ளைகளின் குற்றத்தையும் துன்பத்தையும் ஆராயாது விடுமாயின், தன் பெயருக்கே மாறுபட்டதாகும். யூபிலி காணும் நம் கல்லூரியன்னையின் மக்கள் எங்குச் சென்று எப்பதவி வகிப்பினும், கேட்டறிந்து நீதி செய்வோராய் விளங்குவாராக.